வீட்டுப் பட்டறையும் காட்டுப்பாதை வண்டியும்

வீதி முடிகின்ற இடத்தில் சாதாரண மோட்டார் வண்டியின் ஆற்றலும் முடிந்துவிடுகின்றது. சேறும் மணலும் பாறையும் ஆற்றங்கரைச் சரிவும் எதிர்ப்படும்போது அது திகைத்து நின்றுவிடுகின்றது. அவ்விடத்திலிருந்தே தன் பயணத்தைத் தொடங்கும் வண்டிகளும் உள. நிலத்தினின்றும் உயர்ந்த அடிப்பாகம், பருத்த ரயர்கள், ஏற்றத்தாழ்வுக்கு இசைந்து நீண்டு சுருங்கும் ஸ்பிரிங்குகள், நான்கு சில்லுகளுக்கும் வலுவைப் பகிர்ந்தளிக்கும் பொறியமைப்பு ஆகியன அவற்றின் இலக்கணம். ஜீப், லான்ட் றோவர் என்னும் பெயர்களைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அவையே.

இத்தகைய வண்டியை வைத்திருப்போர் அதனை உள்ளவாறே விட்டுவைப்பது அரிது. முன்புறத்துக்கு வலுவான தாங்கு சட்டம் ஒன்று வேண்டுமென்பர். அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைப் பாறை தாக்காதிருக்கக் காப்புத் தகடு வேண்டுமென்பர். வண்டி உருண்டால் தலையைக் காக்கக் குழாய்க் கூண்டு வேண்டுமென்பர். இன்னும் சிலரோ சட்டகம் முழுவதையும் தாமே செய்துவிட ஆசைப்படுவர். இவ்வேலைகளை வீட்டிலேயே செய்வதற்குரிய பட்டறையை எவ்வாறு அமைப்பது, எதனை முதலில் தேடுவது, எதனைத் தொடாது விடுவது என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வீட்டுப் பட்டறை என்றதும் அதனை விளையாட்டாக எண்ணிவிடலாகாது. உலகப் புகழ் பெற்ற வண்டியொன்று அத்தகைய பட்டறையிலிருந்தே புறப்பட்டது. அமெரிக்காவிலே கலிபோர்ணியா மாநிலத்தில் நியூபோர்ட் பீச் என்னும் கடற்கரை ஊரில் புரூஸ் மெயர்ஸ் என்பவர் வாழ்ந்தார். படகு கட்டுதல் அவர் அறிந்த தொழில். கண்ணாடி நாரையும் பிசினையும் கலந்து படகின் உடலை வார்க்கும் முறையில் அவர் கைதேர்ந்தவர். கடற்கரை மணல்மேடுகளில் அக்காலத்து இளைஞர்கள் ஓட்டித் திரிந்த கனத்த வண்டிகளைக் கண்ட அவர், மணலில் ஓடுவதற்கு வேண்டியது கனமன்று, இலேசு என்பதை உணர்ந்தார். 1964 ஆம் ஆண்டிலே தம் வீட்டுக் கராஜில், படகுக்குரிய முறையிலேயே ஓர் உடலை வார்த்து, வொக்ஸ்வாகன் வண்டியின் இயந்திரத்தை அதிற் பொருத்தினார். மெயர்ஸ் மாங்ஸ் என்று பெயர் பெற்ற மணல் வண்டிகளுள் முதலாவது இவ்வாறு பிறந்தது.

1967 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மெயர்ஸும் அவர் நண்பர் டெட் மாங்கல்ஸும் அவ்வண்டியில் ஏறி, மெக்சிக்கோவின் பாஹா தீபகற்பத்திலே லா பாஸ் நகரிலிருந்து ரிஜுவானா வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீற்றர் தூரத்தை 34 மணி 45 நிமிட நேரத்தில் கடந்தனர். அதற்குமுன் மோட்டார்ச் சைக்கிளில் நிலைநாட்டப்பட்டிருந்த சாதனையைவிட இது ஐந்து மணிக்கு மேல் விரைவானது. அதே ஆண்டின் இறுதியில் அத்தீபகற்பத்திலே முதற் பந்தயம் நடைபெற்றபோது, அதில் முதலிடம் பெற்றதும் ஒரு மாங்ஸ் வண்டியே. இன்று பாஹா 1000 என்று வழங்கும் பந்தயத்தின் தொடக்கம் அது.

இதன்பின் நடந்ததே நமது பொருளுக்கு நெருங்கியது. மெயர்ஸ் முழு வண்டியை விற்கவில்லை. வண்டியின் உடலையே விற்றார். தொடக்கத்தில் விற்ற ஒரு சில உடல்கள் தமக்கெனச் சட்டகம் வேண்டாதவை. அவை செய்வதற்குச் செலவு மிகுந்தவையாயிருந்தமையால், பழைய வொக்ஸ்வாகன் வண்டியின் அடித்தளத்தின்மேல் அமரத்தக்க வேறோர் உடலை அவர் வகுத்தார். ஆனால் அவ்வடித்தளம் இவ்வுடலுக்கு நீளம் கூடியது. ஆதலால் வாங்கியவர் தம் வீட்டு முற்றத்திலே அவ்வடித்தளத்தைக் குறுக்கே அறுத்து, ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர் நீளமுள்ள துண்டை நீக்கி, எஞ்சிய இரு பகுதிகளையும் மீண்டும் ஒட்ட வேண்டியிருந்தது. மெயர்ஸின் கம்பனி இவ்வாறு ஏறத்தாழ 6,000 உடல்களை விற்று 1971 இல் மூடப்பட்டது. அவர் உருவத்தைப் பார்த்துப் பிறர் செய்த பிரதிகளோ அதனினும் பன்மடங்கு. இத்தனை வண்டிகளுக்கும் உடல் எங்கோ ஒரு தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. ஆனால் அடித்தளத்தின் நடுவே ஓடிய அந்த ஒட்டு மட்டும் ஒவ்வொருவரும் தாமே செய்தது, அல்லது தம் ஊர் வெல்டரைக் கொண்டு செய்வித்தது. வண்டியில் ஏறியவரின் உயிர் தங்கியிருந்தது அந்த ஒட்டிலேதான்.

இன்னொரு வரலாற்றையும் சுருங்கச் சொல்கின்றேன். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியது. றோவர் கம்பனியின் பொறியியல் தலைவராக விளங்கிய மோரிஸ் வில்க்ஸ், 1947 இல் விவசாயிகளுக்கு உதவத்தக்க வண்டியொன்றை உருவாக்க முற்பட்டார். உடலை அலுமினியக் கலப்புத் தகட்டினாற் செய்தனர். சட்டகத்தை அச்சில் அழுத்தி வடிப்பதற்கான பெரிய இயந்திரங்களிற் பணம் முடக்க அவர்கள் விரும்பவில்லை. ஆகவே தட்டையான உருக்குப் பட்டைகள் நான்கினை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டிப் பெட்டி வடிவான சட்டகத்தைச் செய்தனர். 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமாகிய லான்ட் றோவரின் சட்டகம் அதுவே. வெறும் பட்டைகளும் நல்ல ஒட்டும் சேர்ந்தால் எத்துணை உழைப்பைத் தாங்கும் என்பதற்கு அவ்வண்டியினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவ்விரு வரலாறுகளும் ஒரே உண்மையைப் புகட்டுகின்றன. உருவத்தை விலைக்கு வாங்கலாம். உறுதியை வாங்க முடியாது. அது இரண்டு உருக்குத் துண்டுகள் கூடும் இடத்தில், செய்பவனின் கையால் பிறக்க வேண்டியது. ஆகையால் வீட்டுப் பட்டறை என்பது கருவிகளைக் குவித்து வைக்கும் அறையன்று. ஓர் உயிரை நம்பி ஒப்படைக்கத்தக்க ஒட்டு ஒன்றைச் செய்வதற்கான இடம் அது. எதை வாங்குவது, எங்கே வைப்பது என்னும் வினாக்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு நோக்கத்தை உரைகல்லாகக் கொண்டால் விடை எளிதாகும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஏறத்தாழ 4 மீற்றர் நீளமும் 1.8 மீற்றர் அகலமும் உள்ள ஜீப் ஒன்றைச் சுற்றிவர ஒரு மீற்றர் இடம் விட வேண்டுமாயின், 6 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் தேவை. வேலை மேசைக்கு இன்னும் சிறிது இடம் வேண்டும். தரை கொங்கிறீட்டாக இருத்தல் நன்று. மண்தரையில் ஜாக்கி சாயும், அளவும் தவறும். கூரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் வெல்டிங் வேலையை ஒருபோதும் செய்யலாகாது. வெல்டிங்கிலும் அரைத்தலிலும் பறக்கும் தீப்பொறிகள் 11 மீற்றர் தூரம் வரை செல்லக்கூடுமெனக் கொண்டே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவ்வெல்லைக்குள் ஓலை, வைக்கோல், மரத்தூள், பெற்றோல், எண்ணெய்த் துணி எதுவும் இருத்தலாகாது. வேலை முடிந்தவுடன் கதவைப் பூட்டிவிட்டு உணவருந்தச் செல்வதும் ஆபத்தானது. மூலையில் விழுந்த பொறி புகைந்து புகைந்து பின்னரே பற்றிக்கொள்ளும். ஆதலால் கடைசி ஒட்டுக்குப் பின் ஒரு மணி நேரமாவது அவ்விடத்தைக் கண்காணித்தல் வேண்டும். தீயணைக்கும் கருவியும் மணல் வாளியும் கதவருகே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அடுத்தது மின்சாரம். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற். சாதாரண 13 அம்பியர் பிளக் ஒன்று தாங்கக்கூடியது ஏறத்தாழ 3 கிலோவாற்று வலுவை மாத்திரமே. ஆனால் 120 அம்பியரில் எரியும் மின்வில் ஒன்றுக்கே ஏறத்தாழ 3 கிலோவாற்று வேண்டும். இயந்திரத்தில் வீணாகும் பங்கையும் கூட்டினால் அந்தப் பிளக்கின் எல்லை கடந்துவிடும். ஆகவே மின்பெட்டியிலிருந்து தடித்த கம்பியில் தனி இணைப்பொன்றை, தனிப் பாதுகாப்பு ஆளியுடன், தகுதி பெற்ற மின்தொழிலாளரைக் கொண்டு போடுவித்தல் வேண்டும். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் டிரிப் சுவிச் கட்டாயம் வேண்டும். நீட்சிக் கம்பியைச் சுருளாக வைத்துக்கொண்டு வெல்டிங் செய்தால் அச்சுருள் சூடேறி உருகும். முழுவதையும் விரித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். ஈரத்தரையில் நின்று வேலை செய்வதை அறவே தவிர்க்க வேண்டும்.

இனி மேசை. பட்டறைக்கு மூச்சுப் போன்றது இது. புதியவர்கள் வெல்டிங் இயந்திரத்தையே முதலில் வாங்குகிறார்கள். மேசையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வளைந்த தளத்தின்மேல் வைத்து ஒட்டிய சட்டகம் வளைந்தே இருக்கும். 2.4 மீற்றர் நீளம், 1.2 மீற்றர் அகலம், 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு ஏறத்தாழ 226 கிலோகிராம் நிறை உடையது. அவ்வளவு பெரியது கிடையாவிடின் சிறியதாயினும் தடித்த தகடு ஒன்றைத் தேடுங்கள். அல்லது நேரான இரண்டு உருக்குத் தீராந்திகளை இரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி நிறுத்துங்கள். அதன்மேற் பொருளை இறுக்கிப் பிடிப்பதற்குக் கிளாம்புகள் பலவும், ஓரத்தில் வலுவான வைஸ் ஒன்றும் வேண்டும்.

அளவெடுக்கும் கருவிகளுக்குப் பெருஞ்செலவில்லை. வீடு கட்டும் மேசனின் பையில் உள்ளவையே போதும்: மூலைமட்டம், இரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், அளவு நாடா. வீட்டுக்கு அத்திவாரம் குறிக்கும்போது மேசன்மார் மூன்று, நான்கு, ஐந்து என்னும் அளவுகளில் நூல் பிடித்துச் சரியான மூலையைக் காண்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே முறை வண்டிச் சட்டகத்துக்கும் பொருந்தும். வண்டியின் முக்கியப் புள்ளிகள் ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையிற் குறியிடுங்கள். இடப்புற மூலையிலிருந்து வலப்புற மூலைக்கும், வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கும் குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்திருந்தால் சட்டகம் செவ்வையானது.

ஒரு சில மில்லிமீற்றர் தவறினால் என்ன என்று எவரேனும் கேட்கலாம். சில்லுகளுக்கிடையே 1.4 மீற்றர் அகலமுள்ள வண்டியில், பின் அச்சின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட 5 மில்லிமீற்றர் முன்தள்ளி இருக்கிறதென்று கொள்வோம். அந்த அச்சு, வண்டி 100 மீற்றர் ஓடும்போது அதனை ஓர் அடிக்கும் மேலாகப் பக்கம் தள்ள முயலும். ஓட்டுபவர் அதனை எதிர்த்து ஓயாது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரயரும் ஒரு பக்கமாகத் தேயும். மேசையிலே 5 மில்லிமீற்றர், வீதியிலே ஓர் அடி.

வெட்டுவதற்குத் தொடக்கத்தில் இரும்பு வாளும் 125 மில்லிமீற்றர் வட்டுக் கொண்ட கிரைண்டரும் போதும். ஆனால் கிரைண்டரைப் பட்டறையின் மிக அபாயகரமான கருவியென்றே கருத வேண்டும். நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுழலும் அவ்வட்டின் விளிம்பு மணிக்கு 250 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கின்றது. வட்டு உடைந்தால் அதன் துண்டும் அந்த வேகத்திலேயே புறப்படும். ஆகவே வட்டுக் காப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாகாது. வெட்டும் மெல்லிய வட்டைச் சாய்த்து வைத்து அரைக்கவும் கூடாது. வட்டின் நடுவேயுள்ள உலோக வளையத்தில் அதன் காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்குங்கள்.

இனிக் குழாயைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் கூண்டு செய்யப் புகுவோர் பலர் தவறுவது இங்கேதான். கடையில் எளிதாகக் கிடைக்கிறதென்று நீர்க்குழாயை வாங்கி வளைத்து வண்டியின்மேல் நிறுத்துகின்றனர். நீரைக் கொண்டு செல்வதே அக்குழாயின் கடமை. வண்டியின் நிறை தலைகீழாக வந்து மோதுவதைத் தாங்க அது செய்யப்பட்டதன்று. சர்வதேச மோட்டார்ப் பந்தயச் சம்மேளனத்தின் விதிகளை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம். கூண்டின் பிரதான வளைவுக்கு, ஒட்டில்லாமல் குளிர்நிலையில் இழுத்துச் செய்த கரி உருக்குக் குழாய் வேண்டுமென்றும், அதன் வெளிவிட்டம் 45 மில்லிமீற்றரும் சுவர்த் தடிப்பு 2.5 மில்லிமீற்றருமோ, அல்லது விட்டம் 50 உம் தடிப்பு 2 மில்லிமீற்றருமோ குறையாதிருக்க வேண்டுமென்றும் அவ்விதிகள் கூறுகின்றன. வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையலாகாது. அதனினும் இறுக்கி வளைத்தால் குழாய் நசிந்து, நசிந்த இடத்திலேயே முறியும். நீர்க்குழாய் வேலைக்காரர் பயன்படுத்தும் வளைப்பான் மெல்லிய குழாயைத் தட்டையாக்கிவிடும். இவ்வேலைக்கெனச் செய்த அச்சுள்ள வளைப்பானை வாங்க இயலாதாயின், வளைக்கும் வேலையை மட்டும் வெளியே கொடுத்துச் செய்விப்பதே அறிவுடைமை. ஒரு குழாயின் நுனி இன்னொரு குழாயின் பக்கத்திற் பொருந்துமிடத்தில், நுனியை மீன் வாய் திறந்தாற்போல வளைவாக வெட்டி, இடைவெளியின்றிச் சேர்க்க வேண்டும். இடைவெளியை உருகிய கம்பியால் நிரப்பி மறைத்துவிடலாம் என்று எண்ணுதல் தன்னைத்தானே ஏமாற்றுவதாகும்.

அடுத்து, ஒட்டும் இயந்திரம். வீட்டுக்கு ஏற்றவை இருவகை. ஒன்று, கையிற் பிடித்த குச்சியை எரித்து ஒட்டும் ஆர்க் வெல்டிங். இது விலை குறைந்தது. காற்று வீசும் திறந்த வெளியிலும் வேலை செய்யும். தடித்த உருக்குக்கு ஏற்றது. 2.5 மில்லிமீற்றர் குச்சிக்கு 60 முதல் 100 அம்பியரும், 3.2 மில்லிமீற்றர் குச்சிக்கு 90 முதல் 140 அம்பியரும் வேண்டும். மற்றொன்று, சுருளிலிருந்து கம்பி தானே வெளிவர, அதனைச் சுற்றி வாயு பாய்ந்து காக்கும் மிக் வெல்டிங். மெல்லிய தகட்டுக்கும் குழாய்க்கும் இது மிக வசதியானது, பழகுவதும் எளிது. ஆனால் காற்று வாயுவை அடித்துச் சென்றுவிட்டால் ஒட்டு தேன்கூடுபோற் பொள்ளலாகிவிடும். நம் நாட்டின் ஈரக்காற்று இன்னொரு பகை. வலுவான ஒட்டுக்குப் பயன்படும் ஐதரசன் குறைந்த குச்சிகள் ஈரத்தை உறிஞ்சினால், அந்த ஈரமே ஒட்டினுள் வெடிப்பை உண்டாக்கும். அவற்றைக் காற்றுப் புகாத கலத்தில் உலர்வாக வைத்திருத்தல் வேண்டும்.

மிக் வெல்டிங் பழகுவது எளிது என்றேன். அந்த எளிமையிலேயே ஒரு பொறி மறைந்திருக்கிறது. மேலே அழகிய மணிகள் கோத்தாற்போல ஒட்டு தோன்றும். ஆனால் வெப்பம் போதாமையால் அது அடி உலோகத்தோடு உருகிக் கலவாமல், மேலே படிந்து கிடக்கக்கூடும். கண்ணாற் பார்த்து இதனை அறிய முடியாது. ஆகவே வண்டியைத் தொடுமுன், அதே தடிப்புள்ள துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, வைஸிற் பிடித்துச் சம்மட்டியால் ஒட்டின் மேலாக மடக்கிப் பாருங்கள். உலோகம் வளைந்தும் ஒட்டு விடாதிருந்தால் அது ஒட்டு. பிசின் உரிவதுபோல் உரிந்து வந்தால், அன்று செய்த வேலை முழுவதும் பாடத்துக்கே பயன்பட்டது என்று கொள்ளுங்கள். ஒட்டைக் குறுக்கே அறுத்து மினுக்கிப் பார்த்தலும், சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து வெள்ளைப் பொடியைத் தெளித்து நுண்ணிய வெடிப்புகளைக் காண்பதும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்.

ஒட்டு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது சட்டகத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு மீற்றர் உருக்கு 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீளும் என்பதை எண்ணினால் இதன் வலிமை விளங்கும். ஆதலால் முதலில் எல்லா மூலைகளிலும் சிறு சிறு புள்ளிகளாக ஒட்டி நிறுத்தி, மறுபடி அளந்து, பின்னர் ஒரு மூலையில் சிறிதும் எதிர் மூலையிற் சிறிதுமாக மாறி மாறி ஒட்டிச் செல்ல வேண்டும். அவசரக்காரனின் சட்டகம் முறுக்கிய துணிபோலாகும்.

இனி, வீட்டிற் செய்யலாகாதவை. ஸ்டியரிங் தண்டுகள், பிரேக் உறுப்புகள், ஸ்பிரிங்குகள் ஆகியன சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டவை, அல்லது அடித்து வடிக்கப்பட்டவை. மின்வில்லின் வெப்பம் பட்டால் அப்பதம் கெட்டு அவை எச்சரிக்கையின்றி முறியும். பெற்றோல் தொட்டியை, அது காலியாக இருப்பினும், ஒட்ட முற்படாதீர்கள். திரவத்தைவிட உள்ளே தங்கிய ஆவியே வெடிப்பது. வண்டியின்மீது நேரே ஒட்டுமுன் மின்கலத்தின் இணைப்புகளைக் கழற்றுங்கள். மின் திரும்பிச் செல்லும் கவ்வியை ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே பொருத்துங்கள். இல்லையேல் மின்னோட்டம் குண்டுப் போதிகைகளினூடே பாய்ந்து அவற்றை அரித்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே செல்லாதீர்கள். நிலையான தாங்கிகள் நிறுத்திய பின்னரே செல்லுங்கள்.

உடலைக் காப்பதும் பட்டறையின் ஒரு பகுதியே. சாரமும் செருப்புமாக வெல்டிங் செய்வோரை நம்மூரிற் காண்பது அரிதன்று. உருகிய துளி பாதத்தில் விழும். நைலோன் கலந்த துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியில் நீண்ட சட்டையும் காற்சட்டையும், தோற் கையுறையும், மூடிய சப்பாத்தும் அணிய வேண்டும். மின்வில்லின் ஒளியை வெறுங்கண்ணால் நோக்கினால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரத்தின் பின், பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போல் வேதனை எழும். முகமூடி உங்களைக் காக்கும். வேலி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளையைக் காக்காது. ஆகவே ஒளி வெளியே செல்லாதவாறு தடித்த, தீப்பற்றாத திரை கட்டுதல் அயலவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

புகை இன்னும் நுண்ணிய பகை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2017 இல், வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. நாகம் பூசிய குழாயை ஒட்டினால் எழும் வெள்ளைப் புகை சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல்போல் நடுக்கத்தைக் கொண்டுவரும். பூச்சை முழுவதும் நீக்காமல் அதை ஒட்டலாகாது. பிரேக் துப்புரவாக்கும் சில திரவங்களிற் குளோரின் சேர்ந்த கரைப்பான் உண்டு. அது மின்வில்லின் வெப்பத்தில் பொஸ்ஜீன் என்னும் கொடிய நஞ்சாக மாறக்கூடும். அத்திரவம் பட்ட பொருளை ஒட்டாதீர்கள். கதவும் சாளரமும் எதிரெதிராகத் திறந்து காற்று ஊடுருவிச் செல்லட்டும். தகுந்த சுவாச வடிகட்டியும் அணியுங்கள்.

வடிவமைப்பிலும் ஒரு தன்னடக்கம் வேண்டும். மெயர்ஸின் வண்டி வென்றது இலேசினால். நம்மவரோ உருக்கைச் சேர்க்கச் சேர்க்க வலுவென்று எண்ணுகின்றனர். சில்லகலம் 1.4 மீற்றரும் ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.7 மீற்றருமான வண்டி, கணக்கின்படி 45 பாகை சரியும்போதே கவிழும். மேலே சுமையேற்றி அம்மையத்தைப் 10 சென்ரிமீற்றர் உயர்த்தினால் 41 பாகையிலேயே கவிழும். ஸ்பிரிங்கும் ரயரும் அமுங்குவதால் உண்மையில் இதனினும் முன்னதாகவே கவிழும். தலையைக் காக்க வைத்த கூண்டு, அளவு மீறிக் கனத்தால், வண்டியைக் கவிழ்க்கும் காரணங்களுள் ஒன்றாகவும் ஆகிவிடும். பதிவு செய்த வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து, வேண்டிய அனுமதியைப் பெறுதலும் இன்றியமையாதது. அவ்வண்டி வீதியிற் செல்லும்போது எதிரே வருவோர் உங்கள் ஒட்டைச் சோதித்துப் பார்த்தவர்கள் அல்லர்.

நேயர்களே, இவ்வளவையும் கேட்டபின், எங்கிருந்து தொடங்குவது என்னும் வினா எஞ்சும். வண்டியிலிருந்து தொடங்காதீர்கள். முதல் வேலையாக உங்கள் பட்டறையின் மேசையை நீங்களே செய்யுங்கள். கால்களை அளந்து வெட்டுங்கள், மூலைமட்டம் வைத்து நிறுத்துங்கள், குறுக்களவு பாருங்கள், மாறி மாறி ஒட்டுங்கள். பின்னர் அதன்மேல் இரசமட்டத்தை வையுங்கள். மேசை கோணியிருந்தால், கோணியது ஒரு மேசை மட்டுமே; எவருக்கும் தீங்கில்லை. அறுத்து மறுபடி ஒட்டலாம். அது செவ்வையாக நின்றபின் கருவி வைக்கும் தள்ளுவண்டி ஒன்று செய்யுங்கள். அதன்பின் காப்புத் தகடு. அதன்பின் முன்புறத் தாங்கு சட்டம். கூண்டும் சட்டகமும் கடைசியில் வரட்டும். வரும்போது உங்களைவிடத் தேர்ந்த வெல்டர் ஒருவரை அழைத்து வந்து உங்கள் ஒட்டுகளைக் காட்டுங்கள். அவர் குறை சொன்னால் அறுப்பதற்கு அஞ்சாதீர்கள்.

வீதியில்லாத வனத்தின் நடுவே, உதவிக்கு ஒருவரும் இல்லாத சரிவிலே, வண்டியையும் அதிலுள்ள உங்கள் பிள்ளைகளையும் தாங்கி நிற்கப்போவது அந்த ஒட்டுத்தான். அதனை அங்கே திருத்த முடியாது. திருத்துவதற்குரிய இடம் பட்டறை; திருத்துவதற்குரிய காலம், வண்டி புறப்படுமுன்.